புதுப்பிப்பு: அலுவலகத்தில் அப்பா பெயரே இருக்கட்டும்

கல்யாணத்துக்குப் பிறகு வேலையிடத்தில் அப்பா பெயரை வைத்துக்கொள்வதா, கணவர் பெயருக்கு மாறுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மாற்றவில்லை. சிங்கப்பூரில் திருமணத்தைப் பதிந்ததால் மட்டும் பெயர் மாறாது, நாமே கேட்டால்தான் உண்டு. அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் பிறந்ததிலிருந்து இருக்கும் 'டி/ஓ' (d/o, 'இன்னாரின் மகள்' என்பதன் சுருக்கம்) அப்படியே இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் யாரோ என்னைக் கேட்காமலேயே மின்னஞ்சல் பெயரை மாற்றிவிட்டார்கள், 11 வருடமாகப் பழகிய வாடிக்கையாளர் ஒருவர் "அவங்க வேலையை விட்டுட்டாங்களா?" என்று என்னிடமே கேட்டபோது தொண்டை அடைத்துவிட்டது. அன்றே பேசிப் பழைய பெயரை வாங்கிவிட்டேன்.

மாமியாரிடம் சொல்லத்தான் பயம். தேக்கா சந்தையில் மீன் வெட்டக் காத்திருந்தபோது சொன்னேன். அவர் பர்ஸைத் திறந்து தன் அட்டையைக் காட்டினார், அதிலும் அவருடைய அப்பா பெயர்தான். "உங்க மாமா ஒரு நாளும் மாத்தச் சொன்னதில்லம்மா" என்றார்.

புது பிசினஸ் கார்டு நேற்று வந்தது. அப்பாவிடம் ஒன்று கொடுத்தேன், இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.