கிரவல் றோட்டில் முன் ஃபோர்க் இடிக்குது

படுவான்கரைப் பொடியன்: என்ர பைக் யமஹா செரோ 225. உன்னிச்சைப் பக்கம் வரிவரியாகக் கிடக்கிற கிரவலில் ஹேண்டில் கையை உதறுகிறது, பள்ளத்தில் விழுந்தால் ஃபோர்க் (முன் சில்லைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) அடி வரை போய் 'டொக்' என்கிறது. தடித்த எண்ணெய் ஊற்றினால் சரிவருமா அண்ணன்மார்?

கல்லடிக்காரன்: எடுத்த எடுப்பில் அதைச் செய்யாதீங்க தம்பி. எண்ணெய் தடித்தால் ஃபோர்க் மெதுவாகத்தான் எழும்பும், அடுத்த மேடு வருவதற்குள் எழும்ப முடியாமல் இறங்கி இறங்கியே போகும், உதறல் இன்னும் கூடும். முதலில் ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, ஏறி இருந்து, உங்கட பாரத்தில் ஃபோர்க் எவ்வளவு இறங்குது என்று அளந்து பாருங்க. மொத்த ஓட்டத்தில் (ஃபோர்க் மேலிருந்து அடி வரை போகும் தூரம்) மூன்றில் ஒன்று அளவு போதும்; அதிகமென்றால் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் (சிறு குழாய்த் துண்டு) போடுங்க.

அம்பாறை ரைடர்: இடிக்கிறதுக்கு எண்ணெய் மட்டத்தை 10 மில்லிமீட்டர் உயர்த்துங்க, காற்றுக்கு இடம் குறைந்து கடைசி ஓட்டத்தில் மட்டும் இறுகும். ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமர்த்தி எண்ணெய் மட்டத்தை அளக்கணும். அப்புறம், பழைய எண்ணெய் கறுத்து மீன் நாற்றம் அடித்தால் வேறு யோசனையே வேண்டாம், மாற்றுங்க.