கார்ட்டிகோஸ்டீராய்டு: "புறணியம்" எனலாமா?

வணக்கம்.

> ஸ்டீராய்டுக்கு "ஊக்கமருந்து" வழக்கில் இருக்கிறதே, மூட்டு மாற்றுக் கையேட்டிலும் அதையே போட்டுவிடலாமே?

இந்த இடத்தில் அது ஆகாது ஐயா. ஊக்கமருந்து என்றதும் பந்தயத்தில் சிக்கிய ஓட்டக்காரர்தான் நினைவுக்கு வருவார். அவர் போட்டுக்கொண்டது ஆண் ஹார்மோன் வகை, தசை வளர்ப்பது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் மயக்கம் கொடுக்கும்போது இரத்தக் குழாயில் ஏற்றும் 8 மி.கி. டெக்ஸாமெத்தசோன் வேறு இனம், கார்ட்டிகோஸ்டீராய்டு. எலும்பை அறுத்துச் செயற்கை மூட்டைப் பொருத்தியதும் சுற்றியுள்ள தசை வீங்கும். அந்த அழற்சியை மூட்டிவிடும் வேதிப்பொருள்கள் உண்டாவதையே இது மட்டுப்படுத்துகிறது. வலி குறையும், குமட்டல் அடங்கும், வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்பது எளிதாகும். டென்மார்க்கில் அறுவைக்கு முன் அதே இனத்து மெத்தில்பிரெட்னிசோலோன் 125 மி.கி. ஒரே ஊசியாகப் போட்டும் ஆராய்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் "ஊக்கமருந்து கொடுத்தோம்" என்று எழுதினால் நோயாளியின் மகன் சண்டைக்கு வருவார்!

> "அழற்சித் தணிப்பி"?

நல்ல தமிழ்தான். ஆனால் ஸ்டீராய்டு அல்லாத வலி மருந்துகளான டைக்ளோஃபெனாக்கும் ஐபுபுரூஃபனும் அழற்சித் தணிப்பிகளே. பிரித்துச் சொல்லாவிட்டால் சர்க்கரைக்காரர் பாடு திண்டாட்டம். டெக்ஸா போட்டால் ஓரிரு நாள் சர்க்கரை ஏறும். டைக்ளோஃபெனாக்கால் வரும் தொல்லை வயிற்றிலும் சிறுநீரகத்திலும்.

என் பரிந்துரை: புறணியம். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணியிலிருந்து (வெளியடுக்கு, ஆங்கிலத்தில் கார்ட்டெக்ஸ்) பிரித்தெடுத்ததால்தான் இந்த இனத்துக் கார்ட்டிசோனுக்கே அந்தப் பெயர் (1950 நோபல் பரிசு இந்தப் புறணி ஆய்வுக்குத்தான்). புறணி என்பது தாவரவியல் பாடத்தில் பழகிய சொல். ஊரில் புறணி பேசுவது நினைவுக்கு வந்து சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும், சொல் மறக்காது.

கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. உடலில் உப்பைத் தேக்கும் அல்டோஸ்டிரோன் உப்புப் புறணியம். கார்ட்டிசோல், டெக்ஸாமெத்தசோன் வகை சர்க்கரைப் புறணியம். பின்னதில் பக்கவிளைவு எச்சரிக்கையும் பெயரிலேயே வந்துவிடுகிறது, கலைச்சொல்லுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு நிபந்தனை. கையேட்டில் முதல் இடத்தில் "புறணியம் (ஸ்டீராய்டு)" என்றே இருக்கட்டும். முடக்குவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற புறணியத்தை விழுங்குபவர் அறுவை வருகிறதென்று தானாக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையை நம்பி உடலின் சொந்தப் புறணியச் சுரப்பு படுத்திருக்கும், இரத்த அழுத்தம் சரிந்துவிடும். மயக்க மருத்துவர் "ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா?" என்று கேட்கும்போது "ஆமாம்" என்று சொல்ல அவருக்கு அந்தப் பழைய சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்.