ஹார்னுக்குக் 'கூம்பு' சரியா? கம்ப்ரெஷன் டிரைவருக்கு ஒரு தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இருவழி ஒலிபெருக்கிக்குச் செய்முறைக் கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. தாழ்ந்த ஒலிக்கு 12 அங்குல வூஃபர், அதன் மேல் உயர்ந்த ஒலிக்கு 25 செ.மீ. சதுர வாயுள்ள சிறிய ஹார்ன், ஹார்னின் முதுகில், அதற்குள் ஒலியைச் செலுத்தும் 1 அங்குல கம்ப்ரெஷன் டிரைவர். வரைவில் இப்போதைக்கு ஹார்ன் 'கூம்பு', டிரைவர் 'அமுக்க இயக்கி'. மைக்செட் கடைகளில் 'குழாய்', 'யூனிட்' என்றாலே வேலை முடிந்துவிடும். ஆனால் கையேட்டில் அளவும் கணக்கும் வருவதால் சொல் பிசகக்கூடாது. கருத்துச் சொல்லுங்கள்.

* * *

> ஹார்ன் 'கூம்பு'

ஐயா, இதை மட்டும் விட்டுவிடுங்கள். 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்று நாளிதழ்கள் எழுதியெழுதிப் பழகிய சொல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒலிபெருக்கி செய்கிறவர் கையில் ஏற்கனவே ஒரு கூம்பு இருக்கிறது: வூஃபரின் காகிதக் கோன். ஒரே பெட்டிக்குள் இரண்டு கூம்பு இருந்தால், "கூம்பில் விரிசல் இருக்கிறதா பாருங்கள்" என்ற வரியைப் படிப்பவர் எதைப் பார்ப்பார்?

அதைவிடப் பெரிய கெடுதல் வடிவத்தில் இருக்கிறது. கூம்பு என்றால் சுவர் நேர்கோடு. நாம் செய்யும் ஹார்ன்களில் பல அப்படி இல்லை. அடுக்குக்குறி விரிவில், சம தூரத்துக்கு ஒருமுறை குறுக்குப் பரப்பு இரட்டிக்கும். வெட்டு அதிர்வெண் (அதற்குக் கீழே ஹார்ன் வேலை செய்யாது) 800 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு 2.4 செ.மீ.க்கும் இரட்டிக்கவேண்டும். டிரைவர் பூட்டும் ஒடுங்கிய முனையான 1 அங்குலத் தொண்டையின் பரப்பு 5 சதுர செ.மீ. அங்கிருந்து 25 செ.மீ. விட்டமுள்ள வட்ட வாய்க்குப் போய்ச் சேர 15.6 செ.மீ. நீளம் போதும். அதையே 400 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்தால் 31 செ.மீ. ஆகிவிடும். ஹார்ன் சிறியதாக இருக்கவேண்டும் என்ற ஆசைக்கு விலை இதுதான்: நீளத்தைக் குறைத்தால் வெட்டு அதிர்வெண் மேலே ஏறும். கூம்பு என்று எழுதிவைத்தால், தகரத்தைச் சுருட்டி நேர்ச்சுவராக ஒட்டிவிட்டு இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் வருவார்கள்.

'குழாய்' என்பதும் ஆகாது. முனைக்கு முனை ஒரே அகலமுள்ளதுதான் குழாய். பாஸ் பெட்டியில் காற்று போய்வரும் போர்ட்டுக்கு அந்தச் சொல் வேண்டும்.

என் பரிந்துரை கொம்பு. கோயில் ஊர்வலத்தில் ஊதும் கொம்பு, ஊதும் முனையில் ஒடுங்கி, வர வர அகன்று, வளைந்து நிற்கும். நேர்கோடு என்ற எண்ணமே அதில் எழாது. தொண்டை, வாய், மடிந்த கொம்பு, குறுங்கொம்பு என்று சொற்கள் தாமாகவே கிளைக்கின்றன.

குறுங்கொம்பு பற்றிய பகுதியில் ஒலிபெருக்கிப் பொறியாளர் டான் கீல் 1975இல் தந்த விதியைக் கட்டாயம் சேருங்கள். கொம்பு தன் பரவுகோணத்தை (ஒலி விரிந்து பரவும் கோணம்) கீழே எந்த அதிர்வெண் வரை காக்கும் என்பதை வாயின் அளவே தீர்மானிக்கிறது. 25,300ஐ, மீட்டரில் வாயின் அகலத்தையும் பாகையில் கோணத்தையும் பெருக்கிவந்த எண்ணால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 25 செ.மீ., 90 பாகை என்றால் சுமார் 1,125 ஹெர்ட்ஸ். 12 அங்குல வூஃபரின் கற்றை 90 பாகைக்கு ஒடுங்குவது ஏறக்குறைய 1,300 ஹெர்ட்ஸில். இரண்டும் அங்கே கைகோக்கும், வூஃபரிலிருந்து கொம்புக்கு ஒலி மாறும் பிரிப்பு அதிர்வெண்ணை அங்கே வைக்கலாம்.

கடையில் கிடைக்கும் 30 × 12 செ.மீ. தட்டைக் கொம்பு மலிவு, பார்க்கவும் அழகு. ஆனால் 90 × 40 பாகை என்று அதில் எழுதியிருப்பதில் பாதிதான் உண்மை. கிடைக்கோணம் 940 ஹெர்ட்ஸ் வரை நிற்கும். செங்குத்துக்கோணம் 5,270 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே கைவிட்டுவிடும். இடைப்பட்ட பகுதியில் ஒலி கூரைக்கும் தரைக்கும் சிதறும். மனிதக் குரலின் தெளிவு இருப்பதே அந்தப் பகுதியில்தான்.

* * *

கொம்புக்கு என் ஆதரவும் உண்டு. 'அமுக்க இயக்கி' பற்றி இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சொல். எங்கள் பாடநூல்களில் அமுக்கம் என்றால் நீங்கள் அழுத்தம் என்பது. வளிமண்டல அமுக்கம், நீரமுக்கம் எல்லாம் அப்படித்தான். அமுக்க இயக்கி என்று கண்டால் யாழ்ப்பாணத்து மாணவன் வேறொன்றை விளங்கிக்கொள்வான். 'நெருக்கு' என்பதை அடியாக எடுத்தால் இரு கரையிலும் குழப்பம் வராது.

* * *

நெருக்கு நல்ல அடி. உள்ளே நடப்பதும் அதுதான். அகன்ற அதிர்தகடு தள்ளும் காற்று, அதைவிடச் சிறிய பரப்புள்ள கீற்றுகள் வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறுகிறது. தகட்டின் பரப்பைக் கீற்றுகளின் மொத்தப் பரப்பால் வகுத்தால் வருவது 'நெருக்கு விகிதம்'. பொதுவாக 8 முதல் 10 வரை இருக்கும்.

இங்கே கையேட்டு வரைவில் ஒரு பிழை உண்டு, சொல்லோடு சேர்த்துத் திருத்திவிடுங்கள். தகட்டை அசைக்கும் கம்பிச்சுருள் 44 மி.மீ. உள்ள டிரைவரின் தகட்டுப் பரப்பு 15 சதுர செ.மீ., வெளிவாய் 5 சதுர செ.மீ., ஆகவே விகிதம் 3 என்று இருக்கிறது. வெளிவாயை வைத்து வகுக்கக்கூடாது. நெருக்கம் நிகழ்வது அதிர்தகட்டை ஒட்டியிருக்கும் முளையின் கீற்றுகளில். அங்கே மொத்தப் பரப்பு 2 சதுர செ.மீ.க்குள்தான் இருக்கும். அதற்குப் பிறகு வெளிவாய் வரையுள்ள பாதை கொம்பின் தொடக்கமே. அதனால்தான் டிரைவரின் வெளியேறு கோணமும் கொம்பின் நுழைகோணமும் ஒத்துப்போகவேண்டும் என்கிறோம்.

அந்த முளையை 'ஃபேஸ் பிளக்' என்ற ஆங்கிலத்தை ஒட்டிக் 'கட்டமுளை' என்றால் கட்டிய முளை என்று படிப்பார்கள். தகட்டின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் வரும் காற்று ஒரே நேரத்தில் தொண்டைக்கு வரும்படி கீற்றுகளால் பாதையைச் சமன்செய்வது அதன் வேலை. 'கீற்றுமுளை' போதும்.

ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்க்கும் கட்டாயமும் நமக்கு இல்லை. முற்காலக் கம்ப்ரெஷன் டிரைவரான வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555ஐ வடிவமைத்த வென்ட்டும் துராசும் 1928இல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் அதை விளக்கியபோது 'ரிசீவர்' என்றே எழுதினார்கள். தொலைபேசியிலிருந்து வந்த பெயர் அது.

ஆகவே நெருக்கு + இயக்கி = நெருக்கியக்கி. 'நெருக்கொலியாக்கி'யும் பொருந்தும், ஆனால் நாக்கு சுளுக்கும். 'இயக்கி' மென்பொருளுக்குப் போய்விட்டதே என்பவர்களுக்கு: ஒலிபெருக்கிக் கையேட்டில் யாரும் பிரிண்டர் இயக்கியைத் தேடமாட்டார்கள்.

* * *

இசைப் பக்கத்திலிருந்து இரண்டு சொற்கள். நாகசுரத்தின் அடியில் விரிந்த பகுதிக்கு அணசு என்று பெயர். ஊதும் நாணல்முனையான சீவாளியை உடல்குழலான உலவோடு இணைக்கும் சிறு உலோகக் குழலுக்குக் கெண்டை. கொம்பின் வாயை அணசு என்றும், மரைவகை டிரைவரை போல்ட்வகைக் கொம்பில் பூட்ட உதவும் அடாப்டரைக் கெண்டை என்றும் சொல்லலாமே?

* * *

கெண்டை அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சீவாளி சரியாக உட்காராவிட்டால் நாகசுரம் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். அடாப்டரின் உள்விட்டத்துக்கும் கொம்பின் தொண்டைக்கும் நடுவே 1 மி.மீ. படி விழுந்தாலே மேல் அதிர்வெண்களில் எதிரொலித்து ஒலியளவு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மேடுபள்ளமாகும். விரல் நுனியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், தட்டுப்பட்டால் அரம் போடுங்கள்.

வாய்க்கு 'வாய்' என்பதே இருக்கட்டும். அணசை, வாயின் விளிம்பைப் பின்பக்கமாக உருட்டிவிடும் பகுதிக்கு வைப்போம். 2 அல்லது 3 செ.மீ. ஆரம் கொடுத்தால் விளிம்பில் ஒலி உடைவது குறையும். இதுவரை அதற்குத் தமிழில் சொல்லே இல்லை.

எழுதிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும். ஒரு பத்தி:

"குறுங்கொம்பின் தொண்டையும் நெருக்கியக்கியின் வெளிவாயும் 25 மி.மீ. ஆக இருக்கவேண்டும். போல்ட்வகையில் 76 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்6 துளைகள் வரும். மரைவகை என்றால் கெண்டை தேவை. 1,300 ஹெர்ட்ஸில் பிரிக்க 44 மி.மீ. சுருளுள்ள நெருக்கியக்கி வாங்குக. 25 மி.மீ. சுருளுள்ளதை 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கவேண்டாம். ஒலியளவு மாறாமல் அதிர்வெண் பாதியானால் தகட்டின் அசைவு இரட்டிக்கும். கொம்பின் வெட்டு எல்லைக்குக் கீழே போனால் காற்றின் பிடிமானமே இராது, தகடு கீற்றுமுளையில் மோதிக் கிழியும். ஒரே மின்திறனுக்கு 8 ஓம் நெருக்கியக்கி 107 டெசிபெல், வூஃபர் 95 டெசிபெல் என்றால் 12 டெசிபெல் குறைக்கவேண்டும். ஆம்ப்ளிஃபயர் பக்கம் தொடராக 6 ஓம் தடை, இயக்கியின் முனைகளுக்குக் குறுக்கே 2.7 ஓம். 10 வாட் வந்தால் 7.5 வாட் அந்த 6 ஓமிலேயே வெப்பமாகும். ஆகவே 12 ஓம், 10 வாட் கம்பிச்சுற்றுத் தடை இரண்டை இணையாகப் போடுக. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியும் ஒலியைத் தூக்க 6 ஓமுக்கு இணையாக 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று வைக்கலாம்."

கூம்பு என்று எங்குமே எழுத நேரவில்லை, கவனித்தீர்களா?

* * *

பத்தி நன்றாக ஓடுகிறது. கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். மின்தேக்கியைத் தனியாக வைத்தால் 20,000 ஹெர்ட்ஸில் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியும் மொத்த மின்மறுப்பு 3 ஓமுக்கு இறங்கும். சிறிய ஆம்ப்ளிஃபயர்களில் பாதுகாப்புச் சுற்று அடிக்கடி துண்டிக்கும். மின்தேக்கியோடு தொடராக 2.2 ஓம் சேர்த்தால் 4 ஓமுக்கு அருகில் நிற்கும்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர் வைத்து ஒலியை டிஜிட்டலில் பிரிப்பவர்களுக்கு ஒரு வரி சேர்க்கவேண்டும். நெருக்கியக்கிக்கு முன் 33 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி கட்டாயம். 8 ஓமில் அது 600 ஹெர்ட்ஸில் வெட்டும், 1,300இல் பெரிதாகக் குறுக்கிடாது. ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது வரும் 'டொப்' அதிர்ச்சியிலிருந்து சுருளைக் காப்பது அந்த மின்தேக்கிதான்.

* * *

மிக்க நன்றி. கொம்பு, குறுங்கொம்பு, நெருக்கியக்கி, நெருக்கு விகிதம், கீற்றுமுளை, கெண்டை, அணசு எல்லாம் வரைவில் ஏறிவிட்டன. 2.2 ஓமும் 33 மைக்ரோஃபாரட்டும் சுற்றுப்படத்தில் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் 'ஹார்ன்', 'யூனிட்' என்ற கடைப்பெயரும் பக்கத்தில் இருக்கும். கையேட்டோடு கடைக்குப் போகிறவர் அங்கே கேட்டு வாங்கவேண்டுமே.