டேப் "லீனியேஜ்": தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்குள்ள வேணும்

செ. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிரேட்ஃபுல் டெட் பேண்டோட கச்சேரிப் பதிவுகளை ரசிகர்களே காப்பாத்தி வெச்ச கதையை ஒரு சிற்றிதழுக்காக மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். ஒரே ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்கறேன், லீனியேஜ்.

பேண்டைத் தெரியாதவங்களுக்காக: 1965ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சு 1995ல ஜெர்ரி கார்சியா இறக்கற வரைக்கும் 2,300க்கு மேல கச்சேரி. இன்னைக்கு வாசிச்ச மாதிரி நாளைக்கு வாசிக்க மாட்டாங்க, அதே பாட்டு ஒரு ராத்திரி பத்து நிமிஷம், இன்னொரு ராத்திரி அரை மணி. அதனால ரசிகர்கள் மைக்கும் டெக்கும் (டேப் ரெக்கார்டர்) தூக்கிட்டுப் போய் பதிஞ்சாங்க. பேண்டும் அதை ஏத்துக்கிச்சு, காசுக்கு விக்கக் கூடாது அவ்வளவுதான், 1984 அக்டோபர்ல இருந்து டேப் பண்றவங்களுக்குன்னே அரங்குல தனி இடம் ஒதுக்கினாங்க. அந்த டேப்பெல்லாம் கை மாறி வந்ததுல எந்த மைக், எந்த டெக், எத்தனையாவது காப்பி, கம்ப்யூட்டருக்கு எதுல மாத்தினாங்க, இதெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா பதிவுகூடவே போகும். அந்த வரிசைதான் லீனியேஜ். 'பரம்பரை'ன்னு போட்டுப் பாத்தேன், ஜமீன் வாடை அடிக்குது. உதவி பண்ணுங்க.

ந. எழுதியது:

அம்மா, பரம்பரை வேண்டாம். 'கொடிவழி' என்று நல்ல சொல் இருக்கிறது, குலத்தின் வரிசையைக் கொடிவழி என்றே எழுதி வந்திருக்கிறோம். இன்னொன்றும் பாருங்கள். நன்னூல் பாயிரம் நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாக்குகிறதே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அரங்கில் பதிந்தது முதற்பதிவு, அதிலிருந்து வந்தது வழிப்பதிவு, பிறவெல்லாம் சார்புப்பதிவு. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லக் கொடிவழி. நம்மிடம் இல்லாத கருத்து இல்லை இது.

மா. எழுதியது:

ஐயா மன்னிக்கணும், நான் சவுண்ட் வேலை பாக்கறவன், எனக்கு இது ஒத்து வரல. வழிநூலுக்கு நன்னூலார் சொல்ற இலக்கணமே "பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி"ன்னு வருது இல்லையா, அதாவது பின்னாடி வர்றவன் தான் விரும்பின மாற்றத்தைச் செய்யலாம். டேப் காப்பில அந்த விகற்பம் யாரும் விரும்பி வர்றதில்லை. ஒரு கேசட்ல இருந்து இன்னொரு கேசட்டுக்கு எடுத்தா ஹிஸ், அதாவது இரைச்சல், கூடும், சிம்பல் சத்தம் மங்கும், அதுல இருந்து இன்னொண்ணு எடுத்தா இன்னும் மோசம், நாலாவது அஞ்சாவது காப்பில பாடறவர் கம்பளிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கும். டெக் பேட்டரில ஓடும்போது சார்ஜ் இறங்கினா டேப் மெதுவா போய்ப் பதியும், அதைச் சரியான வேகத்துல போட்டா பாட்டு சுருதி ஏறிக் கேக்கும். இதெல்லாம் எந்த இடத்துல நடந்ததுன்னு கண்டுபிடிக்கத்தான் லீனியேஜ் பாக்கறோம். அது பெருமை பேசற வம்ச வரலாறு இல்ல, எங்க கெட்டுச்சுன்னு சொல்ற கணக்கு.

அப்புறம் கொடின்னா இன்னைக்குப் படிக்கற பசங்களுக்குத் தேசியக்கொடிதான் ஞாபகம் வரும். கொடிவழின்னா ஊர்வலம் போற பாதையான்னு கேப்பான். என் ஓட்டு, லீனியேஜ்னே போட்டுட்டு முதல் தடவை மட்டும் விளக்கிடலாம்.

த. எழுதியது:

நாங்கள் கசெட் காலத்தில 'கொப்பி' எண்டுதான் சொன்னனாங்கள், 'முதல் கொப்பி', 'ரெண்டாம் கொப்பி'. அதால எனக்கு 'படிவழி' நல்லாப் படுகுது. படி எண்டாப் பிரதி, படியெடுக்கிறது எண்டு சொல்லுறம் தானே. ஏறி இறங்கிற படியும் அதுக்குள்ள வந்திடும், ஒவ்வொரு காப்பியும் ஒரு படி கீழ. லீனியேஜ் எண்டே விட்டால் இன்னும் பத்து வருசத்துக்கும் அது அப்பிடியே கிடக்கும், ஒருத்தரும் மாத்த மாட்டினம்.

ந. எழுதியது:

தங்கையின் படிவழி இனிமையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிரதி என்ற பொருளில் வரும் படி, 'பிரதி'யே பிராகிருதத்தில் 'படி' ஆகி நம்மிடம் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. படிதல் என்றால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி அமர்தல், வண்டல் படிகிறது, கறை படிகிறது, படிவம், படிவு எல்லாம் அங்கிருந்தே. ஒன்றின் வடிவம் இன்னொன்றில் படிந்தால் அது படி. ஆனாலும் ஐயத்துக்கு இடமுள்ள வேரை விட்டுவிட்டு ஐயமற்ற கொடியைப் பிடிப்பது நல்லதில்லையா? மேலும் இந்த ரசிகர்களே தங்கள் காப்பி முறையை மரம் என்றுதானே அழைத்தார்களாம், கிளை, இலை என்று. கொடி அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

சுவடிகளிலும் இதே பாடுதான். உ.வே.சா. சிந்தாமணியை 1887இல் பதிப்பிப்பதற்கு முன் எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார், எழுதியவன் விட்ட பிழை அடுத்த ஏட்டில் பாடமாகவே நின்றுவிடும். எந்த ஏடு எதைப் பார்த்து எழுதியது என்று குறிப்பு இருந்திருந்தால் அவருடைய கண்ணுக்கு எவ்வளவு ஓய்வு கிடைத்திருக்கும்.

மா. எழுதியது:

ஐயா நீங்க கடைசில சொன்னதுதான் விஷயமே, அதை முழுசா ஒத்துக்கறேன். மரம்ங்கறதும் சரிதான், ஒருத்தர் மாஸ்டருக்கு, அதாவது முதல்ல பதிஞ்ச டேப்புக்கு, அடுத்த காப்பியை நாலஞ்சு பேருக்கு எடுத்துக் கொடுப்பார், அவங்க ஆளுக்கு நாலஞ்சு பேருக்கு. புதுசா வர்றவங்க வெறும் கேசட்டையும் திருப்பி அனுப்பற தபால் செலவையும் அனுப்பினா யாராவது பதிஞ்சு அனுப்புவாங்க. 1990களோட கடைசில இதெல்லாம் இணையத்துக்கு வந்து, முதல்ல ஷார்ட்டன் ஃபைல், அப்புறம் ஃப்ளாக், ரெண்டும் தரம் குறையாம சுருக்கற வகை. 2002ல இருந்து இன்டர்நெட் ஆர்க்கைவ்ல கச்சேரிப் பதிவுகளுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. இப்ப காப்பி எடுத்தா தரம் குறையாது, ஆனா வேற ஆபத்து. எவனாவது தரத்தைக் குறைச்சுச் சுருக்கின ஒரு எம்பி3யை எடுத்து ஃப்ளாக்கா மாத்திப் போட்டுடுவான், பேரு மட்டும் நஷ்டமில்லாத ஃபைல், ஸ்பெக்ட்ரம், அதாவது எந்தச் சுருதில எவ்வளவு சத்தம்னு காட்டற படம், போட்டுப் பாத்தா மேல் சுருதியெல்லாம் கத்தரியால வெட்டின மாதிரி ஒரு கோட்டுக்கு மேல ஒண்ணுமே இருக்காது. ஃபைல்ல எழுதியிருக்கறது உண்மைதானான்னு பாக்கறதும் இந்த வேலைல சேத்திதான்.

1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியையே எடுத்துக்கங்க. பேண்டோட ஒலிப்பதிவாளர் பெட்டி கான்டர் ஜாக்சன் மிக்ஸர்ல (மேடை மைக்கெல்லாம் வந்து சேர்ற பெட்டி) இருந்து பதிஞ்ச ரீல். அவங்க சாமான் வெச்சிருந்த கிடங்கு வாடகை கட்டாம 1986ல ஏலம் போச்சு, ரீலெல்லாம் யார் யார் கைக்கோ போச்சு, அதுல இருந்து வந்த காப்பிகளும் ரசிகர்கள்கிட்ட சுத்துச்சு. பேண்ட் தரப்புல அதிகாரபூர்வமா வெளியிட்டது 2017ல, அதுக்கு முன்னாடியே 2011 பட்டியல்லயே அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டுல சேத்துட்டாங்க. அந்த நாப்பது வருஷமும் அந்த ராத்திரி உயிரோட இருந்தது காப்பி எடுத்தவங்களாலதான். இந்த மாதிரி பழைய ரீல்ல ஈரம் ஏறிப் பிசுபிசுன்னு ஆயிடும், அம்பது டிகிரிக்கு மேல மெல்லிசா சூடு காட்டி மணிக்கணக்கா வெச்சு எடுத்தாத்தான் ஒரு தடவையாவது ஓடும். அந்தச் சூடு காட்டினதையும் எழுதி வெக்கணும்.

சரி, தங்கச்சி சொன்ன படிவழிக்கு நான் சம்மதம். படிக்கறவனுக்குப் பாதியாவது புரியும்.

செ. எழுதியது:

ரொம்ப நன்றி. படிவழின்னு போட்டுட்டேன், முதல் இடத்துல மட்டும் 'லீனியேஜ் எனப்படும் படிவழி'. ந. ஐயாவோட முதற்பதிவு அழகா பொருந்துது, மாஸ்டர் வர்ற இடமெல்லாம் அதான். இன்னும் ஒண்ணு பாக்கி. மிக்ஸர்ல இருந்து வந்த டேப்பையும் கூட்டத்துக்கு நடுவுல இருந்து எடுத்த டேப்பையும் ஒண்ணா இழைச்சு 'மேட்ரிக்ஸ்'னு செய்யறாங்களே, பாட்டும் தெளிவா இருக்கும், கைதட்டலும் கூத்தும் கேக்கும். அதுக்கு?

ந. எழுதியது:

படிவழிக்கு என் உடன்பாடின்மையைப் பதிந்துவிட்டு அடுத்ததற்கு வருகிறேன், கொடிவழியை நான் என் எழுத்தில் விடப்போவதில்லை. மேட்ரிக்ஸுக்கு நன்னூலிலேயே இருக்கிறது அம்மா. "இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கி" வருவதைப் புடைநூல் என்கிறார், சார்புநூலுக்கு இன்னொரு பெயர். இரண்டு மூலத்துக்கும் பக்கத்தில் நிற்பது. புடைப்பதிவு என்று போடுங்கள்.

மா. எழுதியது:

ஐயா, இருவர் நூற்கும்ங்கறது அருமையா உக்காருது. ஆனா புடைன்னா இங்க வீங்கினதுன்னுதான் எடுத்துக்குவாங்க. 'இணைபதிவு'ன்னு வெச்சா என்ன?

த. எழுதியது:

இணைபதிவு எண்டா ரெண்டு பதிவு பக்கத்தில பக்கத்தில கிடக்கிற மாதிரியும் வரும். 'இழைபதிவு'? செ. தானே 'ஒண்ணா இழைச்சு' எண்டு எழுதினவ.

செ. எழுதியது:

இழைபதிவு பிடிச்சிருக்கு, நாளைக்குக் காலைல அனுப்பறேன். அதுக்குள்ள ஐயா ஒத்துக்கிட்டா அது, இல்லைன்னா மேட்ரிக்ஸ்னே போயிடும்.