உபுண்டு 24.04-க்கு மாறியதும் கெர்னல் மாட்யூல் கம்பைல் ஆகவில்லை: கிளாஸ்_கிரியேட் பிழை

கேள்வி:
வணக்கம். உபுண்டு 22.04-இல் சின்னதாக ஒரு கேரக்டர் டிவைஸ் டிரைவர் (கெர்னலில் ஏற்றும் மாட்யூல்) எழுதியிருந்தேன். 5.15 கெர்னலில் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆகும். போன வாரம் 24.04 நிறுவினேன், இப்போது கெர்னல் 6.8. அதே கோப்பு, அதே மேக்ஃபைல். ஆனால் கிளாஸ்_கிரியேட் (class_create, டிவைஸ்களுக்கான ஒரு கிளாஸை உருவாக்கும் கெர்னல் ஃபங்ஷன்) வரியில் கம்பைலர் நின்றுவிடுகிறது. முதல் ஆர்குமென்டின் பாயின்டர் வகை பொருந்தவில்லையாம், ஆர்குமென்டுகளும் அதிகமாம். நான் கொடுப்பது இரண்டே இரண்டு: திஸ்_மாட்யூல் (மாட்யூல் தன்னையே குறிக்கும் பாயின்டர்), பிறகு பெயர். பழைய ஜிசிசியைப் போட்டும் பார்த்தேன், பயனில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரியில் ஓட்டிக் காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள்.

மறுமொழி 1:
6.8-க்கான கெர்னல் ஹெடர்களை (மாட்யூல் கம்பைல் செய்யத் தேவையான அறிவிப்புக் கோப்புகள்) நிறுவினீர்களா? எனக்கு அதுதான் காரணமாக இருந்தது.

மறுமொழி 2:
ஹெடர் இல்லையென்றால் 'பில்ட்' அடைவே இல்லை என்று மேக் வாசலிலேயே நின்றிருக்கும். உங்கள் கோப்பை கம்பைலர் தொட்டே இருக்காது. இங்கே ஹெடர் இருப்பதால்தான் பிழை வருகிறது. பிழைக்குக் கீழே 'இங்கே அறிவிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு குறிப்பு வந்திருக்கும், பாருங்கள். அது காட்டும் கிளாஸ்.ஹெச் கோப்பைத் திறந்தால், கிளாஸ்_கிரியேட் ஒரு பெயரை மட்டுமே கேட்பது தெரியும். 6.4-இல் திஸ்_மாட்யூலை எடுத்துவிட்டார்கள். அந்த ஆர்குமென்டால் உண்மையில் எந்தப் பயனும் இருக்கவில்லை.

முதல் ஆர்குமென்டை நீக்குங்கள். இரண்டு கெர்னலிலும் ஓட வேண்டுமானால் வெர்ஷன்.ஹெச்சைச் சேர்த்து, லினக்ஸ்_வெர்ஷன்_கோடு 6.4.0-க்குக் கீழா இல்லையா என்று 'இஃப்' போட்டுப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: திஸ்_மாட்யூலை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை நீக்கி, வகைப் பிழையை காஸ்ட் (கட்டாய வகை மாற்றம்) போட்டு அடக்குவது. கம்பைல் ஆகிவிடும், ஆனால் மாட்யூலின் நினைவகத்தையே பெயர் என்று நினைத்துக் கெர்னல் படிக்கும்.

பிழைகள் இரண்டுதானா? முழு வெளியீட்டையும் பார்த்தீர்களா?

கேட்டவர்:
மிக்க நன்றி! அந்த இரண்டும் போய்விட்டன. மூன்றாவதாக ஒன்று இருந்தது. முதல் பிழையின் விளைவு என்று நினைத்து விட்டுவிட்டேன். டெவ்நோட் ஃபங்ஷனை (டெவ் அடைவில் வரும் கோப்பின் அனுமதியைத் தீர்மானிப்பது) கிளாஸில் பொருத்தும் வரி அது. அனுமதியை 0666 (எல்லாரும் படிக்கலாம், எழுதலாம்) ஆக்குவதற்காக எழுதியது.

மறுமொழி 2:
அது தனிப் பிழை. 6.2 முதல் டெவ்நோட் பெறும் டிவைஸ் பாயின்டர் 'கான்ஸ்ட்' (அது காட்டுவதை மாற்றக் கூடாது). உங்கள் ஃபங்ஷனின் முதல் அளவுருவுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சேர்த்தால் போதும். பழைய யூசர் புரோகிராம்கள் உடையாமல் பார்த்துக்கொள்வதில் லினக்ஸ் மிகக் கண்டிப்பு. கெர்னலுக்கு உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்கு அந்த வாக்குறுதி கிடையாது. கெர்னலின் மூல மரத்துக்கு வெளியே வைத்திருக்கும் டிரைவரை நாம்தான் ஒவ்வொரு பதிப்புக்கும் திருத்த வேண்டும்.

கேட்டவர்:
கம்பைல் ஆகிவிட்டது! இன்ஸ்மாட் கொடுத்து மாட்யூலை ஏற்றியதும் டெவ் அடைவில் கோப்பு வந்தது, அனுமதியும் சரி. 'பிடிஎஃப் (BTF) உருவாக்கம் தவிர்க்கப்படுகிறது, விஎம்லினக்ஸ் இல்லை' என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அதையும் சரிசெய்ய வேண்டுமா?

மறுமொழி 2:
வேண்டாம். அது பிழைதிருத்தத் தகவல் பற்றிய அறிவிப்பு மட்டுமே. மாட்யூல் ஓடுவதை அது தடுக்காது.