‘ஹிடன் ஃபிகர்ஸ்’ விமர்சனத்துக்கு ஒரு கை கொடுங்க

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பிலும் ஏறாவூரிலும் உயர்தரப் பிள்ளைகளுக்குத் திரையிட, நாசாவின் கறுப்பினப் பெண் கணிதர்கள் மூவரைப் பற்றிய இந்த 2016ஆம் ஆண்டுப் படத்துக்கு இரண்டு பக்க விமர்சனம் எழுதுகிறோம்.

படம் எல்லாவற்றையும் 1961, 62க்குள் அடக்கிவிடுகிறது. உண்மையில் டொரத்தி வோன் மேற்பார்வையாளரானது 1949இல், மேரி ஜக்சன் பொறியியலாளரானது 1958இல். கறுப்பினப் பெண்களுக்கென்று ஒதுக்கிய கழிவறையின் பலகையை அடித்து உடைக்கும் வெள்ளை அதிகாரி கற்பனைப் பாத்திரம். கைதட்டு விழுவதே அந்தக் காட்சிக்குத்தான். அதனால் இதைக் கட்டாயம் சொல்லவேணும், இல்லாவிட்டால் அந்தப் பெண்களின் உழைப்பு ஒரு வெள்ளை அதிகாரியின் தயவாகிப் போகும். கதரின் ஜோன்சன், விண்வெளி வீரர் ஜோன் கிளெனின் பயணப் பாதைக் கணக்கைச் சரிபார்த்தது உண்மை. ஆனால் கடைசி நிமிடத்தில் அல்ல, முன்கூட்டியே, ஒன்றரை நாள் எடுத்து.

இணைந்த கணிதம் படிப்பிக்கிற யாராவது, படத்தில் வரும் ஒய்லர் முறையை (விடையைச் சின்னச் சின்னப் படிகளாக அண்ணளவாகக் கணிக்கும் முறை) ஐந்தாறு வரியில் எழுதித் தாங்க. படியைப் பெரிதாக எடுத்தால் பிழை ஏன் கூடுகிறது என்று ஒரு சின்ன உதாரணமும் வேணும்.

இன்னொன்று: கையால் கணக்குப் போட்ட அந்தப் பெண்களின் பதவிப்பெயரே ‘கம்பியூட்டர்’. ‘கணினி’ என்று எழுதினால் பிள்ளைகள் இயந்திரத்தைத்தான் நினைப்பார்கள். ‘கணிப்பாளர்’ பொருந்துமா, வேறு நல்ல சொல் இருக்கா?