‘கர்த்தர் நல்லவர்’ என்று பாட முடியவில்லை என்று ஒரு தாய் சொன்னால், வேதபாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளி இரவு 8 மணி எழுதியது:

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்கூட்டம். 14 பேர் வருகிறார்கள். பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள், மூன்று பேர் கொலுசுப் பட்டறை, இரண்டு கல்லூரி மாணவர்கள், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்க முடியாது.

கூட்டத்தில் ஒரு குடும்பம் மூன்று மாதத்துக்கு முன் சின்னப் பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்தது. போன வாரம் பாட்டு நேரத்தில் அந்தத் தாய், “கர்த்தர் நல்லவர்ங்கிற வரி என் வாயில வரலை, நீங்க பாடுங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஒருவர் உடனே, ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்ற ரோமர் 8:28 வாசித்தார். அந்தத் தாய் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். கூட்டம் முடிந்தபின் மாணவர்களில் ஒருவர் கேட்டது: “அவங்க சொன்னது சரிதானே? தேவன் வல்லவர், நல்லவர், ரெண்டும் உண்மைன்னா இது எப்படி?”

நான்கு வாரத்துக்கு இதையே பாடமாக எடுக்க நினைக்கிறோம். எந்தப் பகுதி, எவ்வளவு நேரம், எதைத் தொடக்கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புலம்பல் 3 எழுதியது:

பிரதர், முதலில் இரண்டு கேள்வியையும் பிரித்து வையுங்கள். மாணவர் கேட்டது கேள்வி. அதற்கு விவாதம் உண்டு. அந்தத் தாய் சொன்னது அழுகை. அழுகைக்கு விவாதத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை வேதமே ஒரு முழுப் புத்தகமாகக் காட்டுகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் மூன்று நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள் (2:13). அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்த பிறகுதான் கெட்டது. 13:4-ல் யோபு அவர்களைக் ‘காரியத்துக்குதவாத வைத்தியர்கள்’ என்கிறான். கடைசியில் 42:7-ல் தேவன் கோபப்படுவது, தம்மைக் கேள்வி கேட்ட யோபுவின் மேல் இல்லை. தம்மை நியாயப்படுத்திப் பேசிய நண்பர்கள் மேல். இந்த ஒரு வசனத்தை உங்கள் 14 பேரும் மனதில் வைத்தால் பாதிக் காயம் குறையும்.

ஆனால் யோபுவை முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். 42 அதிகாரத்தை ஒரு மணி நேரத்தில் சொல்லப்போனால் எல்லாரும் நேராக முடிவுக்குத் தாவி, “இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது” என்பார்கள். பிள்ளையை இழந்தவரிடம் அது கொடுமை. கணக்கையும் பாருங்கள்: 7,000 ஆடு 14,000 ஆகிறது, 3,000 ஒட்டகம் 6,000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் முன்பு போலவே ஏழு மகன், மூன்று மகள். அங்கே இரட்டிப்பு இல்லை, இறந்தவர்கள் திரும்பவும் இல்லை. 42:11-ஐ யாரும் பிரசங்கத்தில் எடுப்பதில்லை. தேவன் பேசி முடித்த பிறகும் சொந்தக்காரர்கள் வந்து, அவனோடு சாப்பிட்டு, நடந்த தீங்குக்காகத் துக்கப்பட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசும் பொன் ஆபரணமும் கொடுக்கிறார்கள். தேவன் பதில் சொன்னதால் ஆறுதல் வேண்டாம் என்று ஆகிவிடவில்லை.

முதல் வாரம் சங்கீதம் 13. ஆறே வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது. மூன்றும் நான்கும் விண்ணப்பம். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. இதை மூன்று முறை, மூன்று பேர், மெதுவாக வாசியுங்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் பிறகு இரண்டு நிமிடம் அமைதி. எல்லாம் சேர்த்து 15 நிமிடத்துக்குள் முடியும். அடுத்து ஒரு துண்டுத் தாளில் அவரவர் தங்கள் ‘எதுவரைக்கும்’ வரியை எழுதட்டும். எழுதத் தயங்குகிறவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதவைக்கலாம். சத்தமாக வாசிக்க யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். 5, 6-ஆம் வசனத்தை அன்று எல்லாரும் சொல்லியே ஆகவேண்டும் என்பதும் கிடையாது. தாவீது இரண்டாம் வசனத்திலிருந்து ஐந்தாம் வசனத்துக்கு வர எத்தனை நாள் எடுத்தான் என்று வேதம் சொல்லவில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வாரம் புலம்பல். நம் ஊருக்கு இது எளிதில் பிடிபடும். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தின் ஓசை புதிதல்ல. முதல் நான்கு அதிகாரமும் எபிரெய 22 எழுத்து வரிசையில் கட்டிய பாட்டு. மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றும் விடாமல் சொல்லித் தீர்க்கிறான். எரேமியா 9:17-20-ல் புலம்பத் தெரிந்த பெண்களைக் கூப்பிடச் சொல்லி, அதை மகள்களுக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார் கர்த்தர். துக்க வீட்டில் “அழக்கூடாது, விசுவாசி அழலாமா” என்று வாயடைக்கிறவர்களுக்கு இந்தப் பகுதியைக் காட்டுங்கள். ‘அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை’ என்பது 3:22-ல்தான் வருகிறது. அதற்கு முன்னால் இரண்டு முழு அதிகாரமும் 21 வசனமும் இருக்கின்றன. முன்னதைத் தாண்டி 22-ஐ மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டுகிறோம்.

ரோமர் 8:28 தவறான வசனம் இல்லை, தவறான நேரத்தில் வாசித்தார்கள். அதற்கு மேலே போய் 22, 23, 26 மூன்றையும் பாருங்கள்: சிருஷ்டி தவிக்கிறது, நாம் தவிக்கிறோம், ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுதல் செய்கிறார். இந்த மூன்று தவிப்பையும் கடந்துதான் பவுல் 28-க்கு வருகிறார். நான்காம் வாரத்துக்கு இதை வையுங்கள், 18-லிருந்து 39 வரை ஒரே வாசிப்பாக.

சேர்வராயன் சாரல் எழுதியது:

நான் கத்தோலிக்கன், ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மூன்றாம் வாரத்துக்கு ஒரு யோசனை: திருப்பாடல் 88 (நீங்கள் சங்கீதம் என்பது). நூற்றைம்பதில் நம்பிக்கை வார்த்தைக்குத் திரும்பாமலே இருட்டில் முடிகிற பாடல் அது. குருக்களும் துறவியரும் சொல்லும் திருப்புகழ்மாலையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவு மன்றாட்டுக்கு இந்தப் பாடல்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சொல்கிறவர் அன்று சந்தோஷமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கோ ஒருவர் அந்த இருட்டில் இருக்கிறார். உங்கள் கூட்டமும் வெள்ளிக்கிழமை இரவு என்பதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

‘நல்லவர்’ என்று பாட முடியாதது விசுவாசம் போய்விட்டதற்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1897-ல் காசநோயால் 24 வயதில் இறந்தபோது, கடைசி மாதங்களில் விண்ணகம் என்று ஒன்று உண்டா என்கிற இருட்டில் இருந்தவர். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோதுதான் பல பத்தாண்டுகளாக அவர் கடவுளின் அருகாமையை உணராமலே வேலை செய்தது உலகத்துக்குத் தெரிந்தது. உயிர்த்த ஆண்டவரை மலைமேல் நேரில் பார்த்த சீடர்களிலும் சிலர் ஐயப்பட்டார்கள் (மத்தேயு 28:17). அவர் அவர்களைத் தனியே நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் அனுப்பவில்லை.

இன்னொன்று. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நினைத்து நிலைநிலையாக நின்று செபிக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்குள் ஆண்டவர் விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். 14-ஆம் நிலை கல்லறை. அங்கே நின்று செபித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். உயிர்ப்பை உடனே சொல்லித் துக்கத்தைச் சுருக்காத பழக்கம் அது. உங்கள் மரபில் சிலுவைப்பாதை இல்லை என்றாலும், சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று இயேசுவே கேட்டார் என்பது நம் இரண்டு பேருக்கும் பொது. அது திருப்பாடல் 22-இன் முதல் வரி. கேட்கவே கூடாத கேள்வி என்றால் அவர் கேட்டிருக்க மாட்டார்.

வெள்ளி இரவு 8 மணி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்று விட்டுப்போயிற்று. வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர் அந்த வீட்டில் ஜெபிக்கும்போது ‘பரம்பரைச் சாபம்’ என்று சொல்லிவிட்டுப் போனாராம். பட்டறைக்காரர்கள் வேறு மல்கியா 3:3-ஐச் சொல்லி, வெள்ளியைப் புடம்போடுவது போல என்று ஆறுதல் சொல்கிறார்கள். இதையெல்லாம் எப்படிச் சரி செய்வது?

ஓரமாய் ஒரு வாசகன் எழுதியது:

சாபத்துக்கு நேர் பதில் எசேக்கியேல் 18. பிதாக்கள் திராட்சக்காய் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசிற்று என்ற பழமொழியை இனி இஸ்ரவேலில் சொல்லவே கூடாது என்று கர்த்தர் ஆணையிடுகிறார் (2, 3). 20-ஆம் வசனம் இன்னும் தெளிவு: தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. யோவான் 9:3-ல் பிறவிக் குருடனைப் பற்றி, இவன் பாவமும் இல்லை, பெற்றோர் பாவமும் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். லூக்கா 13:4-ல் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும் அதே பதில்: அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் இல்லை. நம் பக்கம் ‘யார் செய்த பாவமோ’ என்ற பேச்சு வீட்டுக்கு வீடு உண்டு. சபைக்குள் வரும்போது அதுவே சாபம் என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அதற்குக் காரணம் சாய்வும் ஈரமும். பாதையில் போனவர்களின் பாவக்கணக்கு அந்தச் சரிவுக்குத் தெரியாது.

மல்கியா 3:3-ஐ முழுதாக வாசியுங்கள். புடமிடப்படுகிறவர்கள் லேவியின் புத்திரர், அதாவது ஊனமான பலியைச் செலுத்திக் காணிக்கையைக் கெடுத்த ஆசாரியர்கள். தப்புச் செய்த ஊழியர்களைச் சுத்திகரிக்கிற வசனம். அதைப் பிள்ளையை இழந்த தாய்மேல் வைத்தால், அவளிடம் இருந்த அழுக்கை எடுக்கப் பிள்ளையை எடுத்தார் என்ற பொருள்தான் வரும். தன் முகம் தெரியும்வரை தட்டான் வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த வரி மல்கியாவில் கிடையாது.

“விசுவாசம் இருந்திருந்தால் பிழைத்திருப்பான்” என்று யாராவது சொன்னால் 2 தீமோத்தேயு 4:20. பவுலே துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டு வந்தார். எபிரெயர் 11:35-ஐயும் பாருங்கள். அந்த ஒரே வசனத்துக்குள், மரித்தவர்களைத் திரும்பப் பெற்றவர்களும் இருக்கிறார்கள், விடுதலை பெறாமலே வாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே விசுவாசப் பட்டியல்.

இனி அந்த மாணவர். அவரைக் கூட்டத்தில் வைத்து அல்ல, தனியாக ஒரு மாலை உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் கேட்டது கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிக்கூரஸ் பெயரில் வழங்கும் மிகப் பழைய கேள்வி. 1955-ல் தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி அதைத் தர்க்கமாகக் கட்டினார்: வல்லவர், நல்லவர், தீமை உண்டு, இந்த மூன்றும் ஒன்றாக நிற்காது. 1974-ல் கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளான்டிங்கா பதில் சொன்னார்: சுதந்திரமாய்த் தெரிந்துகொள்ளும் மனிதரைப் படைத்துவிட்டு, அவர்கள் தப்பே செய்யாதபடி பார்த்துக்கொள்வது சர்வவல்லவருக்கும் முடியாத காரியமாக இருக்கலாம், அப்படியானால் மூன்றிலும் முரண் இல்லை. இது ‘முரண் இல்லை’ என்று மட்டும் காட்டும் வாதம். ‘இந்தப் பிள்ளை ஏன்’ என்பதற்கு விடை தருவதாக அவரும் சொல்லவில்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: முதலாவதை வைத்து இரண்டாவதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறார்கள்.

அதோடு, மனித சுதந்திரம் காய்ச்சலுக்கும் நிலநடுக்கத்துக்கும் நேராகப் பொருந்தாது. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளில் லிஸ்பன் நிலநடுக்கம், ஆலயங்களில் கூட்டம் இருந்த நேரம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு, வேளாங்கண்ணிக்கு வந்திருந்தவர்களைக் கடல் கொண்டுபோனது. 1979-ல் வில்லியம் ரோ என்ற தத்துவ அறிஞர் கேட்டது இன்னும் கடினம்: யாரும் பார்க்காத காட்டில் தீயில் வெந்து சாகும் மான்குட்டியின் வலியால் என்ன நன்மை? இதற்கு முழுப் பதில் நம்மிடம் இருப்பதாக அந்தப் பையனிடம் நடிக்க வேண்டாம். ரோமர் 8:22 சிருஷ்டியே தவிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. லாசருவின் கல்லறை முன்னால் இயேசு அழுதார், அதுவும் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே. மரணத்தை தேவன் நல்லது என்று சொல்லவில்லை, 1 கொரிந்தியர் 15:26 அதைக் கடைசிச் சத்துரு என்கிறது. இதுவரை உறுதியாகச் சொல்லலாம். இதற்கு மேலே போகிறவர்கள்தான் யோபுவின் நண்பன் எலிப்பாஸ் ஆகிறார்கள்.

வார்டு விளக்கு எழுதியது:

வசனத்தோடு உடம்பையும் கவனியுங்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டினான். முதலில் அவனுக்குக் கிடைத்தது தூக்கமும், தேவதூதன் கொடுத்த அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு முறை. பேச்சு அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு 12 பேர் போகாதீர்கள். இரண்டு பெண்கள், அரை மணி நேரம், கையில் சாப்பாடு. பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்ப்பதுதான் பெற்றவளுக்கு அதிகம் வலிக்கும். 16-ஆம் நாளோ 30-ஆம் நாளோ முடிந்ததும் வருகை நின்றுவிடும். பிள்ளையின் பிறந்தநாள், பள்ளி திறக்கும் ஜூன், கிறிஸ்துமஸ், முதல் ஆண்டு, இந்த நான்கையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மூத்த பிள்ளையைக்கூடக் கவனிக்கவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். “நானும் அவன்கிட்டயே போறேன்” என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே போகவேண்டும், அதுவரை தனியாக விடக்கூடாது. 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசத்தை மருந்தாகச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாரும் அவர் காதில் ஓதவிடாதீர்கள்.

புலம்பல் 3 எழுதியது:

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு வாரம் துதிப்பாட்டைத் தொடக்கத்தில் வைக்காமல் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மாற்றுங்கள். எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். பாடத்தைத் தொடங்குமுன் அவரிடம் தனியாகப் போய், இந்த நான்கு வாரமும் என்ன வாசிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அவர் வராமல் இருக்கட்டும், வீட்டுக்குச் சாப்பாடு மட்டும் போகட்டும். வந்தால், அந்த வரி வரும்போது மற்ற 13 பேர் பாடுங்கள். அவர் உட்கார்ந்திருக்கட்டும்.